போகிற கால் தடுக்கும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் செய்தி முடிந்ததும் ரேடியோவில்தான் கேட்கிறேனே!

டேய் திருடா, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்? ‘அம்மா பேசுறேன்’ நிகழ்ச்சி ஆரம்பித்த அன்று நான் ஒரு டியூபைத் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் கண்ணை மூடியதிலிருந்து இந்த சைக்கிள் கடைதான் எனக்குச் சோறு போடுகிறது என்பது உனக்குத் தெரியும். தெருவில் உருப்படியான ரேடியோ இருப்பதும் இங்கேதான். சண்டை தொடங்கிய பிறகு சாயங்காலமானால் பாதித் தெரு என் கடையில்தான் நிற்கிறது. அந்த அம்மா பேச ஆரம்பித்தாள். “சோத்துல கல்லு கிடந்தா கல்லைத் தூக்கிப் போடு, சோத்தைக் கொட்டாதே” என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நான் உன்னிடம் சொன்னதல்லவா அது!

அப்புறம் நேற்று சொன்னாளே: “வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் வாசல்ல நின்னு சிரிச்சுத்தான் அனுப்பணும். அழுது அனுப்பினா போற கால் தடுக்கும்.” நீ படிக்கப் பட்டணம் புறப்பட்ட அன்று நான் சொன்ன வார்த்தை. இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாயே! பெருமை தாங்கவில்லை எனக்கு. “இந்த வார்த்தையெல்லாம் என்னுது. எழுதுறது என் தம்பி” என்று கடையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்து இஸ்திரிக்கடைக்காரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இந்த வருஷக் கடைசியில் சின்னவனுக்குப் பட்டாள அழைப்பு வயது வந்துவிடும். எனக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளைதான். உன் ஆபீசில் எங்காவது ஒரு மூலையில் அவனை உட்கார வை. ரேடியோவில் வேலை செய்பவர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட மாட்டார்களாமே? இஸ்திரிக்காரியும் அவள் மகன் நெட்டைக்காகக் கேட்கச் சொன்னாள். இவனும் அவனும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே சைக்கிளில் இரண்டு பேராகச் சுற்றியவர்கள். முடிந்தால் அவனையும் பார். முதலில் இவனைப் பார்.

அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். “ஒரு சாதாரணத் தாய் தினமும் ஐந்து நிமிடம் பேச வேண்டும்” என்று என் அதிகாரி சொன்னார். சாதாரணத் தாய் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் முகமே எனக்கு நினைவில்லை. உன்னைத்தான் தெரியும். மேஜை முன்னால் உட்கார்ந்தேன். நீ திட்டினாய், நான் எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது.

அந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரிக்கோல். நான் எழுதுவதில் பாதியை வெட்டிவிடுவார். அம்மா அழக்கூடாது. அம்மா வீட்டில் எதற்கும் தட்டுப்பாடு இருக்கக்கூடாது. சண்டை எப்போது முடியும் என்று அம்மா கேட்கவே கூடாது. செய்திக்காரர்களுக்கும் இதே கதிதான். நம் படை எங்கேயும் பின்வாங்குவதில்லை அக்கா, ‘வசதியான இடத்துக்கு நகர்கிறது’. போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் உன் கடை வாசலுக்கே வந்துவிடும்.

உன் குரலில் பேசுகிறவள் ஒரு நாடக நடிகை. உன்னைவிட ரொம்ப இளையவள், கல்யாணமே ஆகாதவள். மிளகைக் கடித்துக்கொண்டு பேசினால் குரலுக்கு வயது கூடுகிறதாம்.

சின்னவனுக்கு இசைத்தட்டு அறையில் ஓர் இடம் பிடித்துவிட்டேன். இன்றியமையாத ஊழியர் என்று சீட்டு கொடுப்பார்கள். அதற்கப்புறம் அவனை யாரும் தொட முடியாது. உடனே அனுப்பு.

இஸ்திரிக்கடை அம்மாவின் மகனுக்காக நான் கேட்கவில்லை. கேட்டுக் கிடைக்கவில்லை என்று உனக்கு எழுத நினைத்தேன், ஆனால் நாள் முழுக்கப் பொய் எழுதிவிட்டு உன்னிடமும் அதையே எழுதக் கை வரவில்லை. இங்கே ஒன்று கேட்டால் தயவு, இரண்டு கேட்டால் விசாரணை. ஊரார் பிள்ளைகளைப் போ போ என்று எழுதுகிற கையால் என் அக்கா மகனை ஒளித்துவைக்கச் சீட்டு வாங்கினேன். கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அனுப்பு.

இன்னொன்று. அந்த வார்த்தைகள் உன்னுடையவை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே.

உன் தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

சின்னவன் வந்து சேர்ந்த செய்தி கிடைத்தது. என் வயிற்றில் பாலை வார்த்தாய்.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் சேர்க்கும் கூட்டம் போட்டார்கள். “ரேடியோ அம்மா நம்ம ஊர்லதான் இருக்காங்க” என்று ஒருவன் கடைக்கே வந்து கையோடு அழைத்துப் போனான். மேடையில் நாற்காலி போட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகாத கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன், வாசலில் நின்று சிரிக்கிற வார்த்தையை. மைதானமே கை தட்டியது. எனக்கு யார் எப்போது கை தட்டியிருக்கிறார்கள் தம்பி? உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது.

நெட்டை முதல் வரிசையில் நின்றான். நான் கீழே இறங்குவதற்குள் பெயர் கொடுத்துவிட்டான்.

அழைப்பு வயது ஆகாதவன் தானாகச் சேர்ந்தால், வண்டி கிளம்புவதற்குள் பெற்றவளிடம் ஒரு கேள்வி கேட்பார்களாம்: ஆட்சேபம் உண்டா? உண்டு என்று வாயால் சொன்னால் போதும், பையனை இறக்கிவிட வேண்டும், அதுதான் சட்டம். இஸ்திரிக்காரியிடமும் ஸ்டேஷனில் கேட்டார்கள். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். போகட்டும் என்று நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். “இல்லைங்க” என்றாள். சொன்ன கையோடு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம், “அடி அழாதேடி, புள்ளைக்கு கால் தடுக்கும்” என்று பதறினார்கள். நான் என் கையாலேயே அவள் வாயைப் பொத்தினேன்.

அவள் மகனுக்கு வேலை கேட்டாயா என்று ஒரு நாள் கேட்டாள். தம்பி எவ்வளவோ கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். நீ எழுதாத பொய்யை நான் சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பினாள். சாயங்காலம் என் புடவையை இஸ்திரி போட்டுக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

சின்னவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். உன் ஊர்ப் பக்கம் போகிற ஒரு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. இனிமேல் உன் பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு.

சின்னவன் வேலையில் சூட்டிகை. கூட்டம் ஆரவாரம் செய்வது போல ஓர் இசைத்தட்டு இருக்கிறது. எப்போதோ ஒரு கால்பந்துப் போட்டியில் பதிவு செய்தது. நாம் எந்த ஊரைப் பிடித்தாலும் அந்த ஊர் மக்கள் அதே குரலில்தான் வாழ்த்துவார்கள். அதைச் சுழலவிடுவது உன் மகனின் வேலை. முதல் வாரம் சிரித்தான். இப்போது சிரிப்பதில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதுமில்லை.

ஒரு நாள் ஒத்திகை நடக்கும்போது, “மாமா, இந்த அம்மாவுக்கு எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. கத்தரிக்கோல்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “எத்தனை தேவையோ அத்தனை.”

அக்கா, நெட்டை இல்லை. நேற்றுச் செய்தி அறைக்கு வந்த தந்தியில் அவன் பெயர் இருந்தது. சின்னவன்தான் முதலில் பார்த்தான். நெட்டை போன வேகத்தில் போய்விட்டான். ஒரு பெரிய தாக்குதல் முடியும் வரை இறந்தவர்கள் வீட்டுக்குத் தகவல் அனுப்பக்கூடாது என்று உத்தரவு. நான் சொன்னதாகத் தெரிந்தால் என் வேலை போகும், சின்னவனின் சீட்டும் போகும். அவன் அம்மாவிடம் நீ எதுவும் காட்டிக்கொள்ளாதே. எப்படி என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

எந்த வாயால் என்னிடம் அதைச் சொன்னாய்? சொல்லாமல் இருந்திருக்கலாமே. தெரியாதவளாக அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்திருப்பேனே.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சாயங்காலமானால் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ரேடியோ கேட்க வந்துவிடுவாள். “அம்மா இன்னைக்கு என்ன சொல்லப்போறாங்களோ” என்பாள். மகனிடமிருந்து கடிதம் வராததற்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து எனக்குச் சமாதானம் சொல்வாள். “அவனுக்கு எழுதச் சோம்பல்க்கா, பரீட்சையிலயே எழுத மாட்டான்.” நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். அவன் திரும்பி வந்ததும் ஓட்ட வேண்டுமாம், அவன் வழக்கமாக எடுக்கிற பச்சை சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றிவைக்கச் சொன்னாள். மாற்றினேன். இதற்கு நான் தூக்கில் தொங்கியிருக்கலாம்.

போன திங்கட்கிழமை தகவல் வந்தது. யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெட்டி சட்டை மேலேயே இருந்தது. கருகுகிற வாடை என் கடை வரைக்கும் வந்ததும் ஓடிப்போய் நான்தான் பெட்டியைத் தூக்கினேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். என்ன கேட்டாள் தெரியுமா?

“அக்கா, நான் அன்னைக்கு ஸ்டேஷன்ல அழுதுட்டேன்ல? நீ பொத்தியும் நிக்கல. அதான் என் புள்ளைக்கு கால் தடுக்கிடுச்சா?”

தம்பி, நான் அவளுக்கு என்ன பதில் சொல்வது? அது வெறும் வாய்வார்த்தை, நீ பஸ் ஏறுகிறபோது என் அழுகையை அடக்குவதற்காக நானே கட்டிய கதை என்று சொல்லியிருக்க வேண்டும். மேடை ஏறிச் சொன்னவள் நான். ஊரே கை தட்டிய வார்த்தையைப் பொய் என்று எப்படிச் சொல்வேன்? “அப்படியெல்லாம் இல்லடி” என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை நாள் என்னை நம்பியவள், நான் உண்மை சொன்னபோது மட்டும் நம்பவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு உன் பஸ் மறையும் வரை சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கடைக்குள் போய், யாருக்கும் கேட்கக்கூடாதென்று பஞ்சர் தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு அழுதேன். ஓட்டை டியூப் மாதிரி குமிழி குமிழியாக வந்தது. உன் அத்தான் பார்த்துவிட்டுப் பயந்துபோனார். நீ சிரித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய். மீதியையும் எழுது. ஒரே ஒரு நாள் அந்த ரேடியோ அம்மாவை அழவிடு. அழுது அனுப்பினால் ஒன்றும் ஆகாது என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல். இஸ்திரிக்காரி அவள் சொன்னால் நம்புவாள்.

அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

எழுதினேன். தொட்டித் தண்ணீரையும் எழுதினேன், கருகிய சட்டையையும் எழுதினேன். இந்த ஆபீசில் நான் எழுதிய ஒரே நிஜம் அதுதான். நடிகை ஒத்திகையில் படித்தாள். மிளகு தேவைப்படவில்லை, குரல் தானாகவே உடைந்தது. சின்னவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கத்தரிக்கோல் பொறுமையாகப் படித்தார். “நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு” என்றார். அப்புறம் தொட்டியை எடுத்தார். அழுகையை எடுத்தார். சட்டையை மட்டும் விட்டுவைத்தார். அடுத்த வீட்டுக்காரிக்கு மகன் செய்தி வருகிறது, அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கையில் பிடித்த இஸ்திரிப் பெட்டி நடுங்கவில்லை. அப்படியே ஒலிபரப்பாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும். அவளும் அங்கே நின்று கேட்டிருப்பாள்.

நான் தடுத்திருக்கலாம். பேப்பரைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். வெளியே போகச் சொல்லியிருப்பார்கள், போயிருக்கலாம். “சரி சார்” என்றேன்.

அன்று சாயங்காலம் சின்னவன் அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்தான். “மாமா, நெட்டைக்கும் சேர்த்துக் கேட்டீங்களா?” என்றான். இல்லை என்றேன். “அம்மா கேட்கச் சொன்னாங்களா?” சொன்னாள் என்றேன். நேராகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். கெஞ்சினேன், காலில் விழாத குறை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா, அவனுக்கு இன்னும் அழைப்பு வயது ஆகவில்லை. உனக்குத்தான் சட்டம் தெரியுமே. அவன் வண்டி மே நான்காம் தேதி காலையில் உன் ஸ்டேஷனில் நிற்கும். அங்கே உன்னிடம் கேட்பார்கள். உண்டு என்று சொல். ஒரே ஒரு வார்த்தை. அவன் உன்னை வெறுத்தால் வெறுக்கட்டும், உயிரோடு இருந்து வெறுக்கட்டும். நான் வந்து நிற்க முடியாது, லீவு தரவில்லை. அதுவும் பொய். கேட்கவில்லை. அவன் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியமில்லை.

உன் தம்பி

மே 5

தம்பிக்கு,

நேற்று விடிவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் ‘உண்டு, உண்டு’ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கடன்காரி மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்கள். “ரேடியோ அம்மா வந்திருக்காங்க, அவங்க புள்ளையே போறான்!” என்று ஒருவன் கத்தினான். கூட்டம் விலகி வழிவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நான் மேடையில் பேசியதைக் கேட்டுப் பிள்ளையை அனுப்பியவர்கள். இரண்டு பேர் வீட்டுக்குத் தகவலும் வந்தாயிற்று. ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

சின்னவன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். இளைத்திருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. “வந்துட்டியாம்மா” என்றான், அவ்வளவுதான். அதிகாரி நல்ல மனிதர். எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆட்சேபம் உண்டாம்மா?” என்றார்.

என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். இஸ்திரிக்காரி. காதோடு சொன்னாள்: “சொல்லிடுக்கா. எறக்கிக்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் மகனுக்குத் தலையாட்டியவள் நான். என் மகனை இறக்கிக்கொள்ள அவள் அனுமதி தருகிறாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரார் பிள்ளையை அனுப்பிவிட்டு என் பிள்ளையை உன் அலமாரியில் பூட்டிவைத்தவள். அத்தனை கண்ணும் என் வாயையே பார்த்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. இதையெல்லாம் உனக்கு விவரமாக எழுதுகிறேன், அங்கே அப்போது எதுவும் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

உன் வசனம் வந்தது.

“வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் வாசல்ல நின்னு சிரிச்சுத்தான் அனுப்பணும்” என்றேன். அந்த நடிகை எந்த இடத்தில் மூச்சு விடுவாளோ அந்த இடத்தில் விட்டேன். மீதியையும் சொன்னேன். இஸ்திரிக்காரியின் கை என் முழங்கையிலிருந்து நழுவியது. கை தட்டினார்கள் தம்பி.

சின்னவனின் ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கால் பிளாட்பாரத்தில். அவன் ஏறாமல் காத்துக்கொண்டிருந்தான். நான் சொல்வேன் என்றுதான் காத்துக்கொண்டிருந்தான், அது எனக்குத் தெரிந்தது. ராத்திரி கடையை அடைக்கும்போது ரேடியோவை அணைக்கட்டுமா என்று வந்து நிற்பானே, அந்த மாதிரி என் முகத்தைப் பார்த்தான். “சரிம்மா” என்றான்.

நான் அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. சிரித்துக்கொண்டேதான் நின்றேன், எல்லாரும் பார்த்தார்கள். அப்படியும் படியேறும்போது அவனுக்குக் கால் தடுக்கியது.

வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ரேடியோவின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன், ஆனாலும் இன்றைக்கும் சாயங்காலம் ஜனங்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள். நான் பேசுவேன் என்று நிற்கிறார்கள்.

அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நேற்றிலிருந்து காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதை எழுதினாலும் அந்த நடிகை பேசுகிற மாதிரியே இருக்கிறது. கிழித்துப் போடுகிறேன். நீ எழுதிக் கொடு தம்பி. கத்தரிக்கோலிடம் காட்டாமல், நான் என் பிள்ளையிடம் எப்படிப் பேசுவேனோ அப்படி நாலு வரி எழுதி அனுப்பு. உனக்குத்தான் என் பேச்சு தெரியும். எனக்கு மறந்துபோய்விட்டது.

அக்கா